பன்னிரண்டு ராசிக்கும் சிக்கனம்

உட்காருங்கள். முதலில் அந்த ஜாதகத்தைப் பைக்குள் வையுங்கள். வெற்றிலை, பழம், இருநூற்றொரு ரூபாய், எல்லாவற்றையும் சேர்த்தே உள்ளே வையுங்கள். நான் ஜோசியக்காரி அல்ல. வாசலில் பலகை தொங்குகிறதே, படிக்கவில்லையா? பேராசிரியர் அ. தங்கபுஷ்பம், எம்.ஏ., எம்.ஃபில்., பொருளாதாரத் துறை, ஓய்வு. அதில் எந்த எழுத்து உங்களுக்கு ஜோசியமாகத் தெரிந்தது?

தெரியும். உங்கள் ஊரில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். சிவகாசியில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார், இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு காலண்டரில் அவர் எழுதியது எழுதியபடி நடந்தது என்று. இரண்டு ஆண்டுகளாக மாதம் ஒருவராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் கேட்டால் ஆட்டோக்காரரே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். ஒருவர் பெண்ணின் திருமணத்துக்கு நாள் கேட்டார். ஒருவர் கிணறு வெட்ட இடம் கேட்டார். நீங்கள் இரும்புக் கடை வைத்திருக்கிறீர்கள், இரண்டாவது கடை போடலாமா என்று கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு தூரம் வெயிலில் வந்துவிட்டீர்கள், நடந்தது என்ன என்று கேட்டுவிட்டுப் போங்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. அதுவும் தப்பான பாதி.

என் தம்பி தனுஷ்கோடிக்கு, இந்த வீட்டுக்கு எதிர்வரிசையில், ஒரு அச்சகம் இருந்தது. இரண்டு ஆஃப்செட் மெஷின், பதினான்கு வேலையாட்கள். தினசரி காலண்டர்தான் தொழில். ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் போடுவோம், ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள், கார்த்திகைக்குள் அச்சடித்து, தாளின் தலையில் தகரப் பட்டை அடித்து, கட்டி அனுப்பிவிட வேண்டும். எங்கள் உற்பத்தியில் பாதி ஒரே ஒருவருக்குப் போனது. உங்கள் ஊர்க் கடைவீதியில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கிறாரே, ரெங்கராஜுலு, அவருக்கு. பதினெட்டாயிரம் காலண்டர். உங்கள் ஊரில் மொத்தமே இருபதாயிரம் வீடு இருக்குமா? அப்படியானால் ஏறக்குறைய வீட்டுக்கு ஒன்று. அந்த ஆர்டர் இருந்தால் தம்பியின் அச்சகம் இருக்கும். அது போனால் அச்சகம் போகும். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக விளங்கும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு தம்பி வீட்டு மாடிக்கு வந்தேன். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. தேதித் தாள்களின் புரூஃப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். ஒரு தாளில் என்னவெல்லாம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேதி, கிழமை, நல்ல நேரம், ராகு காலம், அடியில் பன்னிரண்டு ராசி, ராசிக்கு ஒரு சொல். லாபம், நஷ்டம், சுகம், பயம், வரவு, செலவு. ஒரு சொல்லுக்கு மேல் இடம் கிடையாது. ஆண்டுக்கு நாலாயிரத்து முந்நூற்று எண்பது சொல். நாட்டில் மிக அதிகமான மக்கள் நாள்தோறும் தவறாமல் படிக்கும் இலக்கியம் அதுதான். யாரும் அதற்குப் பரிசு கொடுப்பதில்லை, அவ்வளவே.

அதை எழுதித் தந்தவர் கார்மேகம் என்று ஒரு ஜோசியர். நாற்பது வயதுகூட இருக்காது, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருவார். அவர் மனைவி என்னிடம் படித்தவள், நன்றாகப் படித்தவள், அதை விடுங்கள். இரண்டாயிரத்து எட்டு ஆவணியில் அவர் கொடுத்த கையெழுத்துப் பிரதியைப் பார்த்தபோது எனக்கு எங்கோ படித்த ஞாபகம். பழைய காலண்டர்களை எடுத்துப் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக்கும் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுக்கும் கிழமை அச்சாக ஒன்று. அந்த மனிதர் தொண்ணூற்றெட்டை அப்படியே பார்த்து எழுதியிருந்தார். ஒரு சொல் மாறவில்லை. மிதுனத்துக்கு அன்று 'மறதி' என்றால் இன்றும் 'மறதி'.

கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"அது எங்கப்பா எழுதினது டீச்சர். நல்லாத்தான இருந்துச்சு?"

"கிரகங்கள் எல்லாம் தொண்ணூற்றெட்டில் இருந்த இடத்திலேயே நிற்கின்றனவா?"

"கிரகத்தை யாரு டீச்சர் பார்த்தா? இதுல ஒரு கணக்கு இருக்கு. தெனமும் நாலு ராசிக்கு நல்லது, நாலுக்குக் கெட்டது, நாலுக்கு நடுவாந்தரம். ஒரு வீட்டுல நாலஞ்சு பேரு இருந்தா ஒருத்தருக்காவது லாபம்னு வந்திரும். அவரு பையைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போவாரு. மத்தவங்க அவரைப் பார்த்துச் சமாதானம் ஆயிருவாங்க. எங்கப்பா சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்."

கேட்டீர்களா? இதுதான் உங்கள் ஜோசியம். மக்களை ஏமாற்றுவதற்குச் சம விகிதம். நான் அந்தப் பிரதியை அவர் கண் முன்னாலேயே குப்பைக் கூடையில் போட்டேன். "போய் வாருங்கள், உங்கள் மனைவியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்றேன்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, தாள் மெஷின்ல ஏறணும். இப்ப எவனைப் போய்ப் பிடிப்பேன்?"

"நான் எழுதுகிறேன்" என்றேன்.

அது புரட்டாசி. அமெரிக்காவில் பெரிய வங்கி ஒன்று கவிழ்ந்த வாரம். ஜனவரியில் இருபத்தோராயிரத்தில் ஆடிக்கொண்டிருந்த நம் பங்குச் சந்தை எட்டாயிரத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் டை கட்டியவர்கள் எல்லோரும் இந்தியாவுக்கு ஒன்றும் ஆகாது என்று ஓதிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதே வசனத்தை ஒவ்வொரு முறையும் யாராவது பேசியிருக்கிறார்கள். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது எங்கோ நடந்த சண்டைதானே என்றார்கள். திருநெல்வேலிப் பஞ்சின் விலை படுத்துக்கொண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் நியூயார்க்கில் சந்தை விழுந்தபோது நமக்கென்ன என்றார்கள். பர்மாவில் நெல் விலை சரிந்தது, கடன் கொடுத்திருந்த செட்டியார்கள் கையில் பணத்துக்குப் பதில் வயல் வந்து சேர்ந்தது, இங்கே கிராமத்துப் பெண்களின் கழுத்துத் தங்கம் கப்பலேறி லண்டனுக்குப் போனது. எழுபத்து மூன்றில் எண்ணெய் விலை எகிறியது. தொண்ணூற்றொன்றில் நாட்டின் தங்கத்தையே விமானத்தில் ஏற்றி அடகுக்கு அனுப்பினோம். இதையெல்லாம் முப்பத்தொரு ஆண்டு கரும்பலகையில் எழுதியவள் நான். எனக்குத் தெரியாதா, ஒரு மந்தம் வந்தால் எத்தனை மாதம் தங்கும் என்று?

கணக்குப் போட்டேன். இருபத்தொன்பதைச் சேர்த்துக் கொண்டால் ஒரு சராசரி, விட்டுவிட்டால் ஒரு சராசரி. இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று மாதம் வந்தது. இரண்டாயிரத்து எட்டு செப்டம்பரிலிருந்து பதின்மூன்று மாதம் என்றால் ஒன்பது அக்டோபர். ஆகவே தையிலிருந்து புரட்டாசி வரை சரிவு, ஐப்பசியில் மீட்சி. இதில் கிரகம் எங்கே வந்தது? மந்தம் மேஷம், ரிஷபம் பார்த்தா வரும்? ஆகவே எல்லா ராசிக்கும் உண்மையை எழுதினேன். செலவு, விரயம், தடை, தாமதம், நிதானம், பொறுமை, கவனம், சிக்கனம். மாற்றி மாற்றித்தான் எழுதினேன், படிக்கிறவர்களுக்குச் சலிப்பு வரக் கூடாது அல்லவா? பொங்கலன்று மட்டும் வேண்டுமென்றே பன்னிரண்டு ராசிக்கும் 'சிக்கனம்' என்று போட்டேன். அன்றுதான் மக்கள் அதிகமாக விரயம் செய்கிறார்கள். பதினேழு இரவு... இல்லை, இரவு எல்லாம் விழிக்கவில்லை, பகலிலேயே எழுதினேன், பதினேழு நாள். என் ஆய்வேட்டைக்கூட அவ்வளவு கவனமாக எழுதவில்லை.

நான் புரூஃப் பார்த்தால் தம்பி திருப்பிப் பார்க்க மாட்டான். அவ்வளவு நம்பிக்கை. அச்சகத்தில் வேறு யாரும் பலனைப் படிப்பதில்லை, தேதி வரிசை சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். முதலில் கண்டுபிடித்தவள் தம்பி மனைவி சுயம்புக்கனி. மார்கழியில் வீட்டுக்கு ஒரு காலண்டரை எடுத்து வந்து, ஆணியில் மாட்டுவதற்கு முன்னால் புரட்டிக்கொண்டே நின்றாள்.

"மதினி, என் ராசிக்குப் பங்குனி முடிய ஒரு நல்ல வார்த்தைகூட இல்லையே."

"அடுத்த ராசியைப் பார்."

"எல்லா ராசியும் பார்த்துட்டேன் மதினி. நம்ம வீட்டுல யாருமே உருப்பட மாட்டோமா?"

அதற்குள் பதினெட்டாயிரமும் உங்கள் ஊருக்கு லாரி ஏறிவிட்டது. தம்பி ஒரு பிரதியை வாங்கிப் புரட்டினான், நாற்காலியில் உட்கார்ந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அறிவு சார்ந்த வேலையைப் பார்த்தால் சிலருக்கு அப்படித்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

இனி நடந்ததைத்தான் உங்கள் ஊரில் கண் காது மூக்கு வைத்துச் சொல்கிறீர்கள். உண்மை எளியது. நான் எழுதினேன், அப்படியே நடந்தது. தை மாதம் உங்கள் கடைவீதியில் கூட்டம் இல்லை. மாசியில் இல்லை. பங்குனியில் பாத்திரக்கடைக்காரர் பகலிலேயே ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கினாராம். உங்கள் கடையும் அப்போது இருந்ததுதானே? ஆணி விற்றதா? இல்லை அல்லவா? பின்னே?

வைகாசியில் ரெங்கராஜுலு நேரே அச்சகத்துக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார், முகம் மட்டும் சிவப்பு. தம்பியிடம் காலண்டரை நீட்டினார்.

"அண்ணாச்சி, இதை எழுதினவன் எவன்? எனக்கு அவன் வேணும்."

"எழுதினவள் நான்தான்" என்று எழுந்து நின்றேன். "உட்கார்ந்து பேசுங்கள்."

அவர் உட்காரவில்லை. "ஏம்மா, என் காசுல, என் கடைப் பேரு போட்டு, என் கடைக்கு வராதேன்னு ஊருக்கே எழுதிக் கொடுத்திருக்கீங்களே! இது நியாயமா? ஒரு பொம்பளை ஆறாயிரம் ரூபாய்க்குப் பட்டு எடுத்து மடியில வச்சிருக்கு. வீட்டுக்காரரு போன்ல கேக்குறாரு, காலண்டரைப் பார்த்தியா, இன்னைக்கு உனக்கு விரயம்னு போட்டிருக்குன்னு. புடவையைத் திருப்பி வச்சிட்டு எந்திரிச்சிருச்சு. இன்னொருத்தரு நிச்சயதார்த்தத்தையே ஐப்பசிக்குத் தள்ளிட்டாரு. ஏன்யான்னா, ஐப்பசியிலதான் நல்ல வார்த்தை ஆரம்பிக்குதுங்கறாரு!"

"பார்த்தீர்களா? உலக மந்தம் உங்கள் ஊர் வரை வந்துவிட்டது" என்றேன். "இருபத்தொன்பதிலும் இப்படித்தான். முதலில் மக்கள் வாங்குவதை ஒத்திப்போடுவார்கள்."

"உலகம் எங்கம்மா வந்துச்சு? ஆத்துப் பாலம் தாண்டினா அடுத்த ஊரு. அங்க என் மச்சினன் கடை இருக்கு. போன வருஷத்தை விட நல்லா ஓடுது. அங்க வேற காலண்டரும்மா! நாலு ராசிக்கு லாபம் போட்ட காலண்டரு!"

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். படிக்காதவர்கள் செய்கிற தவறு இதுதான். இரண்டு ஊரை அருகருகே வைத்து, இங்கே இது, அங்கே அது, ஆகவே இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவது. நான் அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். ஒரே மக்கள், ஒரே வெயில், ஒரே ஆறு, ஒரே விலை, காலண்டர் மட்டும் வேறு என்பதாலேயே காலண்டர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, இரண்டு ஊர் என்பது ஆய்வுக்குப் போதாத எண்ணிக்கை, குறைந்தது முப்பது ஊராவது வேண்டும் என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். "அண்ணாச்சி, இவங்க என்ன சொல்றாங்க?"

தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மன்னிச்சிருங்க மொதலாளி" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எதற்கு மன்னிப்பு? சொன்னது நடந்ததற்கா?

ஆடி வந்தது. ஆல்பம் போட்டோம். ரெங்கராஜுலு ஆர்டர் கொடுக்கவில்லை. தம்பி கார்மேகத்தைத் திரும்பக் கூப்பிட்டு, நாலு நல்லது நாலு கெட்டது எழுதி வாங்கி, மற்ற சில்லறை ஆர்டர்களுக்கு அடித்தான். ஒரு மெஷின் ஓடியது, ஒன்று படுதா போட்டு மூடிக் கிடந்தது. பதினான்கு பேரும் வேலைக்கு வந்து ஏழு பேர் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். தம்பி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொள்ள ஆரம்பித்தான். நான் அவனிடம் சொன்னேன், "பொறு. ஐப்பசியில் மீட்சி. கணக்கு தப்பாது."

தப்பியதா? உங்களுக்கே தெரியும். அந்தத் தீபாவளி! உங்கள் ஊர்க் கடைவீதியில் நடக்க இடமில்லை என்று செய்தித்தாளிலேயே படம் வந்தது. ஐப்பசி முதல் நாளிலிருந்து நான் எழுதியிருந்தது வரவு, உயர்வு, லாபம், யோகம், பன்னிரண்டு ராசிக்கும். தள்ளிப்போட்ட கல்யாணம் எல்லாம் ஒன்றாக வந்தது. ரெங்கராஜுலு கடையில் மூன்றாம் நாளே இருப்புத் தீர்ந்து, மதுரைக்கு ஆள் அனுப்பிச் சரக்கு எடுத்தாராம். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு தீபாவளி கண்டதில்லை. பதின்மூன்று மாதம் என்றேன், பதின்மூன்று மாதம். எந்தப் பல்கலைக்கழகம் இவ்வளவு துல்லியமாகச் சொன்னது? சொல்லுங்கள்.

அப்போதும் என்னைப் பாராட்டி ஒருவர் எழுதவில்லை. ஜாதகத்தைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தீபாவளி முடிந்த ஐந்தாம் நாள் அதே வெள்ளைக் கார். இந்த முறை இனிப்புப் பெட்டி, எனக்கு ஒரு பட்டுப் புடவை. வாசலிலேயே கும்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், அச்சகத்துக்குள்!

"அம்மா, நான் அன்னைக்குத் தெரியாம பேசிட்டேன். உங்க வாக்குல ஏதோ இருக்கு."

"வாக்கில் ஒன்றும் இல்லை. சராசரியில் இருக்கிறது."

"ஏதோ ஒண்ணு. எனக்கு இருபத்தஞ்சாயிரம் காலண்டர் வேணும். கார்த்திகைக்குள்ள. அந்த ஜோசியர் எழுதினது வேண்டாம், நீங்களே எழுதணும். ஒரே ஒரு வேண்டுகோள்தான்மா. தையிலிருந்து தீபாவளி வரைக்கும் எல்லா ராசிக்கும் நல்ல வார்த்தையாப் போட்டிருங்க. லாபம், வரவு, யோகம். நானே குறிச்சுக் கொண்டாந்திருக்கேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

கேட்டீர்களா? எனக்கு, ஒரு பொருளாதாரப் பேராசிரியைக்கு, முடிவை முன்கூட்டியே எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி தெருவைத் தாண்டி இந்த மாடிக்கு ஓடினான். ஓடித் திரும்பியபோது அவன் கையில் என் நோட்டு இருந்தது. யாரும் கேட்காவிட்டாலும் நான் பத்தாம் ஆண்டுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது என் வழக்கம். அதை அவன் எப்போதோ பார்த்திருக்கிறான்.

"மொதலாளி, அக்கா ஏற்கெனவே அப்படித்தான் எழுதி வச்சிருக்கு! இந்தாங்க, பாருங்க! தையில வரவு, மாசியில உயர்வு. நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே!"

அவன் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கவில்லை. ரெங்கராஜுலு பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டார். "நான் கேட்டதே இருக்கு! அட, வார்த்தைக்கு வார்த்தை நான் கேட்டதே இருக்கு! அம்மா நம்ம ஆளு!"

நம்ம ஆள்.

நீங்களே சொல்லுங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் எழுதியது அனுமானம். அவர் எழுதியது ஆசை. இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடுமா? அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்திருந்தால் ஊர் என்ன சொல்லும்? ஜவுளிக்கடைக்காரர் கேட்டார், டீச்சரம்மா எழுதிக் கொடுத்தார், பட்டுப் புடவை வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு ஆண்டு ஒரு மாணவிக்கு அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டவள் அல்ல நான்.

நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். மறுபரிசீலனை செய்ய வேண்டும்" என்றேன். புடவையையும் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தகங்கள் எல்லாவற்றையும் இறக்கிப் படித்தேன். முப்பத்தேழு! நான் எப்படி முப்பத்தேழை மறந்தேன்? அமெரிக்கா முப்பத்து மூன்றில் எழுந்தது, எல்லோரும் மீட்சி மீட்சி என்று ஆடினார்கள், முப்பத்தேழில் மறுபடியும் விழுந்தது. மீட்சிக்குப் பிறகு இரண்டாம் சரிவு. வரலாற்றில் இடம் இருக்கிறது. நிகழ வாய்ப்பு இருக்கிறது. முதல் கணக்கில் நான் அதற்குப் போதிய எடை கொடுக்கவில்லை, அதுதான் பிழை. திருத்தினேன். தையிலிருந்து ஆனி வரை திருத்தி எழுதினேன். தடை, சரிவு, நிதானம், பழைய நண்பர்கள் எல்லாம் திரும்ப வந்தார்கள். பழைய நோட்டை எதிரே அச்சகத்துக்குக் கொண்டுபோய் நானே கட்டிங் மெஷினில் வைத்து வெட்டினேன். திருத்துவதற்கு முந்தைய பிரதி நடமாடக் கூடாது. ஆய்வு ஒழுக்கம்.

நான்காம் நாள் ரெங்கராஜுலு வந்து படித்தார். முதல் பக்கத்தில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்திருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

"அம்மா, அன்னைக்கு உங்க நோட்டுல தைக்கு வரவுன்னு இருந்துச்சே?"

"அது நீங்கள் கேட்பதற்கு முன்னால் எழுதியது."

அவர் நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். "சரிம்மா" என்றார். தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "அண்ணாச்சி, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நான் வேற பிரஸ்ஸுல பார்த்துக்கிறேன்." செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கார் தெருமுனை திரும்புகிற வரை தம்பி வாசலில் நின்று பார்த்தான். பிறகு கேட்டான். "அக்கா, ரெண்டுல எது நிஜம்? அதை மட்டும் சொல்லு. நீ உண்மையாக் கணக்குப் போட்டது எது?"

"இரண்டும் கணக்குத்தான். இரண்டாவதில் கூடுதல் தரவு இருக்கிறது."

"பதினாலு பேரு இருக்காங்க அக்கா. பதினாலு குடும்பம்."

"பதினான்கு பேருக்காகப் பொய் எழுதச் சொல்கிறாயா?"

"மொத நோட்டு பொய்யா?"

இப்படித்தான் குதர்க்கமாகக் கேட்பான், சின்ன வயதிலிருந்தே. சுயம்புக்கனி வீட்டிலிருந்து வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அந்த ஆளு கேட்டதும் நீங்க எழுதினதும் ஒண்ணா இருந்துச்சுன்னா நீங்க என்ன கொறைஞ்சா போயிருவீங்க மதினி?"

"குறைந்துதான் போவேன்" என்றேன்.

சரியாகத்தானே சொன்னேன்? ஏன் தலை குனிகிறீர்கள்? நீங்களும் அவர்கள் கட்சியா? எல்லோரும் என்னைத்தான் சொல்கிறார்கள். அக்காதான் கெடுத்தாள் என்கிறார்கள். கார்மேகத்தின் மனைவி, என்னிடம் படித்தவள், அவளே தெருவில் பார்த்து, "மேடம், எதிர்பார்ப்பும் சந்தையை நகர்த்தும்னு நீங்கதானே எங்களுக்கு நடத்தினீங்க?" என்று கேட்டாள். நடத்தினேன். அது பாடம். அதற்கும் காலண்டருக்கும் என்ன தொடர்பு? நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கும் பாடத்தை எங்கே பொருத்துவது என்று தெரிவதில்லை.

அந்தக் கார்த்திகையிலேயே ஒரு மெஷினைக் கேரளத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் இன்னொன்று. பதினான்கு பேரும் ஆளுக்கொரு அச்சகத்தில் ஒட்டிக்கொண்டார்கள். தம்பி இப்போது வேறொருவருடைய பைண்டிங் பிரிவில் சூப்பர்வைசர். சைக்கிளில் போய் வருகிறான். என்னுடன் பேசுவதில்லை. சோறு மட்டும் சுயம்புக்கனி கையில் மாடிக்கு வந்துவிடுகிறது. நேரம் தவறுவதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அவன் ஒரு நாள் புரிந்துகொள்வான். அச்சகங்கள் மந்தத்தில் விழுவது வரலாறு முழுக்க நடந்ததுதான். அதற்கு யாரும் பொறுப்பில்லை. நான் முன்கூட்டியே சொன்னேன், அது ஒன்றுதான் வித்தியாசம்.

பத்தாம் ஆண்டு நாடு எட்டு விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது என்று அரசாங்கம் புள்ளிவிவரம் வெளியிட்டது. இரண்டாம் சரிவு எங்கேயும் வரவில்லை என்று டை கட்டியவர்கள் எழுதினார்கள். எழுதுவார்கள். டெல்லியில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் தெரியும்.

எழுந்து இங்கே வாருங்கள். வாருங்கள், இந்த ஜன்னலுக்கு. கீழே எதிர்வரிசையில் தம்பி அச்சகத்தின் பச்சை ஷட்டர் தெரிகிறதா? பூட்டு தெரிகிறதா? துருவைப் பாருங்கள். ஷட்டர் இடுக்கில் தபால்காரர் இன்னும் கடிதம் செருகிவிட்டுப் போகிறார். அந்தப் பூட்டு என்ன ஜோசியமா? சொல்லுங்கள். இரண்டாம் சரிவு வரவில்லை என்று இனி யாராவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

என் கணக்கில் ஒரே ஒரு பிழைதான். தையில் வரும் என்று எழுதினேன். இரண்டு மாதம் முன்னாலேயே வந்துவிட்டது.